புதிதாக வந்த குட்டியைப் பார்த்து வீட்டின் பழைய நாய் உறுமுகிறது, என்ன செய்வது?

குட்டி வந்து 5 நாள் ஆகிறது, 8 வயது நாய் அது பக்கத்தில் வந்தாலே உறுமுகிறது, எவ்வளவு அதட்டியும் கேட்கவில்லை, குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். அதட்டவும் வேண்டாம், அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

நானே செய்த தப்பு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எங்கள் மணிக்கு 9 வயது நடக்கும்போது சீனி வந்தாள், பிறந்து 8 வாரம் ஆன குட்டி. வந்ததிலிருந்து அவன் வாலைக் கடிப்பது, தூங்குகிறவன் காதைப் பிடித்து இழுப்பது, முதுகில் ஏறிக் குதிப்பது என்று ஒரே அமர்க்களம். மணி உறுமினான். உறுமிய ஒவ்வொரு தடவையும் நான் 'டேய், சின்னப் பிள்ளைடா அது' என்று சத்தம் போட்டேன். நாலைந்து நாளில் உறுமுவதை விட்டுவிட்டான். சரி, பழகிவிட்டான் போல என்று நானும் நிம்மதியாகிவிட்டேன். மறுநாள் சத்தமே இல்லாமல் ஒரு கடி. சீனியின் மூக்கில் லேசான கீறல்தான், ஆனால் அவள் அலறிய அலறலில் வீடே கூடிவிட்டது. எரிச்சல் அவனிடம் அப்படியேதான் இருந்திருக்கிறது, எச்சரிக்கையை மட்டும் நான் அதட்டி அதட்டி நிறுத்தியிருக்கிறேன்.

உறுமல் என்றால் 'தள்ளிப் போ' என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே நாய் சத்தமில்லாமல் நிறையச் சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலேயே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். இதில் நான் ரொம்பப் பயப்படுவது உடம்பு விறைத்து அசையாமல் நிற்பதற்குத்தான். அந்த நேரத்தில் பெரியவனைத் திட்டாமல் குட்டியைக் கூப்பிட்டோ தூக்கியோ அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள். வெறும் உறுமலுக்குக் குட்டி பின்வாங்கிவிட்டால் நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். அதன் 28 பால்பற்களும் ஊசி மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகளிடமும் பெரிய நாய்களிடமும்தான் அது நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து, பெரிய நாய் விலகிப் போக ஓர் இடம் வேண்டும். குழந்தைகளுக்குப் போடுவார்களே வாசல் தடுப்பு, அது ஒன்று போதும். ஒரு அறையைக் குட்டி நுழைய முடியாதபடி பெரியவனுக்கே விட்டுவிடுங்கள். குட்டிகள் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும், தூக்கம் கெட்டால்தான் பேய் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் கடிக்கும், அதனால் அதை நேரத்துக்குத் தனியாகப் படுக்க வைத்தாலே பெரியவனுக்குப் பாதி நாள் விடுமுறை.

சாப்பாடு தனித்தனி இடத்தில்தான். குட்டிக்கான உணவில் கொழுப்பும் கலோரியும் அதிகம், மீதியைப் பெரியவன் நக்கிக்கொண்டே இருந்தால் எடை கூடும். பந்து, கடிக்கிற பொம்மை எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் நாய்க்கு எங்காவது வலி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். நான் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். மணிக்கு இடுப்பில் மூட்டுத் தேய்மானம் இருந்திருக்கிறது, அந்த இடத்தில்தான் சீனி தினமும் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்! மருந்து ஆரம்பித்த பிறகு அவன் கோபம் பாதியாகக் குறைந்தது. தயவுசெய்து நாம் போடுகிற வலி மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். காது மந்தமாகியிருந்தாலும் பின்னாலிருந்து வருகிற குட்டிக்குத் திடுக்கிட்டுக் கடிக்க வாய்ப்பு உண்டு.

முதல் சந்திப்பே வீட்டுக்குள் நடந்துவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பரவாயில்லை, வெளியே இன்னொரு தடவை தொடங்கலாம். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கயிறு, நேருக்கு நேர் நிறுத்தாமல் ஒரே திசையில் நல்ல இடைவெளி விட்டு நடந்தால் போதும். ஆனால் தடுப்பூசி வரிசை முடியக் குட்டிக்கு 16 வார வயது ஆகிவிடும், அதுவரை மற்ற நாய்கள் நடமாடுகிற இடத்தில் தரையில் விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். சொந்த முற்றமோ மாடியோ இருந்தால் அங்கே நடங்கள். இல்லையென்றால் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள்.

'பெரியவன்தான் தலைவன் என்று குட்டிக்குக் காட்ட வேண்டும்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்கொன்று தெரியாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்து வைத்துப் பார்த்ததில் வந்த யோசனை அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். பெரியவனுக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை, அவனுடைய வாக்கிங் நேரமும் படுக்கிற இடமும் உங்களோடு தனியாக இருக்கிற அரை மணி நேரமும் மாறாமல் இருந்தால் போதும்.

எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை ஆள் இல்லாமல் இரண்டையும் சேர்த்து விடவே இல்லை. உங்கள் நாய் தோல் கிழியக் கடித்தாலோ, குட்டியைத் தேடிப் போய்த் தாக்கினாலோ, சாப்பிடாமல் ஒதுங்கியே கிடந்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே பிரித்து வைத்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். மணி ஒரு நாள் சாயங்காலம் முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி, 'விளையாட வா' என்று அவளைக் கூப்பிட்டான். மூன்று நிமிடம்கூட இருக்காது, மூச்சு வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டான். இப்போது அவனுக்கு 11 வயது, அந்தத் தடுப்பை நாங்கள் இன்னும் கழற்றவில்லை.