கொலைக் கதை கேட்கும் காது – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றி போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. சமையல், பூர்வீகச் சொத்து, மருமகள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் செஷன்ஸ் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி சொல்வதை நீதிபதி எடுத்துச் சொல்லச் சொல்ல, அதைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கொலை வழக்கு வீடியோக்களாகக் கேட்கிறாள். பெண் பிள்ளைக்கு இது என்ன ருசி? மனசு கெட்டுப்போகாதா?
– ஒரு தாய், தென்காசி

கெட்டுப்போகாது அம்மா. பயப்படாதீர்கள். இப்படிக் கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அமெரிக்காவில் அமண்டா விக்கரி, கிறிஸ் ஃப்ரேலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2010-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உண்மைக் குற்றக் கதைப் புத்தகங்களை ஆண்களைவிடப் பெண்களே விரும்பி எடுக்கிறார்கள் என்றும், சிக்கிக்கொண்ட பெண் எப்படித் தப்பித்தாள் என்ற விவரம் உள்ள புத்தகம் என்றால் இன்னும் ஆவலாக எடுக்கிறார்கள் என்றும் அதில் தெரிந்தது. இருட்டிய பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு, ஆபத்து எந்த முகத்தோடு வரும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கத்தானே செய்யும்?

இயர்போனைப் பிடுங்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து கேட்ட கேஸில் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கிய ஏதோ ஒன்றை, யாரோ ஒரு பெண்ணின் கதையை வைத்து அவள் சொல்லக்கூடும். தூக்கம் கெடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கற்பனைத் துப்பறியும் கதையைவிட நடந்த கதை ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? எங்கள் பேட்டையில் நடந்த ஆளவந்தார் வழக்கையே வைத்துச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், ராயபுரம்

1952 ஆகஸ்ட் 29. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலில், ஒரு பெட்டியில் சகிக்க முடியாத நாற்றம். சீட்டுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத ஆண் உடல். தலை பிறகு உங்கள் ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் உறுதிப்படுத்தினார்கள். இறந்தவர் பாரிமுனைப் பக்கம் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார். முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர்.

அவரோடு முன்பு பழகிய ஒரு பெண்ணும் அவள் கணவரும் பம்பாயில் பிடிபட்டார்கள். 1953-இல் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னால் விசாரணை நடந்தது. கோர்ட் வளாகம் கொள்ளாத கூட்டம். கணவருக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு. அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டுத் தங்கள் வாழ்க்கையைப் பார்க்கப் போனவர்கள்.

கற்பனைக் கதையில் எழுத்தாளர் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கடைசிப் பக்கத்தில் அதைச் சொல்லியும்விடுவார். நடந்த வழக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. பெட்டியை ஸ்டேஷனில் தூக்கி வைத்த போர்ட்டருக்கு அது இன்னொரு சுமை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயணி அதன்மேல் காலை நீட்டியிருப்பார். நம்மைப் போன்றவர்கள், நம்மைப் போலவே எதுவும் தெரியாமல், அந்தப் பயங்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறார்கள். என்னை இழுப்பது அதுதான். ரத்தம் இல்லை. ரத்தத்தைப் பற்றி கோர்ட்டில் பேசுவது இரண்டே வரி: மண்ணில் படிந்த கறை, மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் குறிப்பு) போட்டு எடுக்கப்பட்டது. மீதி நாளெல்லாம் மணி என்ன, யார் எங்கே நின்றார்கள், தெருவிளக்கு எரிந்ததா, நிலா வெளிச்சம் இருந்ததா என்றே போகும்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. எழுபது ஆண்டுகளாக இதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் ஆளவந்தாரைப் பெண் பித்தர், மிரட்டிப் பணிய வைத்தவர் என்று ஒரே சாயத்தில் முக்கி எடுத்துவிட்டார்கள். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் மேல் சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்ல அவர் கூண்டில் ஏற முடியாது. கொலை வழக்கில் பேச முடியாத ஒரே ஆள் செத்தவர்தான். எந்தக் கதையை எடுத்தாலும் இறந்தவரைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது, அந்த வரிகள் யார் வாயிலிருந்து வந்தவை என்று முதலில் பாருங்கள்.

இந்த மோகமெல்லாம் யூடியூப் வந்த பிறகு வந்ததுதானே? அந்தக் காலத்தில் ஜனங்கள் இப்படி இல்லையே.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கேயாவது கொலை விழுந்தால் அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற காலம் உண்டு. கொலைச்சிந்து என்றே அதற்குப் பெயர். ஓரணா, அரையணாவுக்கு வாங்கிப் போய், எழுத்து தெரிந்த ஒருவர் திண்ணையில் பாட ஊரே கேட்டது.

அந்தப் பசியை மூலதனமாக வைத்துப் பிழைத்தவர்தான் லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' என்ற பத்திரிகையில் நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதினார். சனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னரிடம் முறையிட, பத்திரிகை உரிமம் ரத்தானது. அவர் 'இந்து நேசன்' என்று வேறு பெயரில் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து. மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அந்த மூன்று பேருமே கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்று, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அது வழக்கைத் திருப்பியனுப்பி, மறுபடி விசாரித்து 1947 ஏப்ரலில்தான் இருவரும் வெளியே வந்தார்கள். இடையில், 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. திரையில் அவர் பாடினார், ஜனங்கள் உருகினார்கள், அவர் சிறையில் இருந்தார். என்.எஸ்.கே. மீண்டு வந்து நடித்தார். பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவேயில்லை. 1959-இல் காலமானார்.

ஊரார் அந்தரங்கத்தை உண்மைக் கதை என்று விற்றவரின் சாவே இன்னொரு பெரிய உண்மைக் கதையாக விற்றது. வாங்கிய கைகளும் பெரும்பாலும் அதே கைகளாகத்தான் இருந்திருக்கும். கொன்றது யார் என்று இன்றுவரை சட்டப்படி யாருக்கும் தெரியாது. திண்ணைகளில் எத்தனை பெயர்கள் அடிபட்டன என்பதை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றைக்கூட இங்கே எழுத மாட்டேன். யாரை நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிய மூன்று வாசகர்களுக்கும் இதுவே பதில்.

கொலைகாரனுக்கு என்ன அந்தரங்கம்? அவன் கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் எடுக்கலாம் என்கிறேன் நான். சரிதானே?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பாதி சரி. இது உங்கள் பாடத்திலேயே வரும் தம்பி: ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. திருவான்மியூரில் தொடர் கொலைகள் செய்து மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை 'நக்கீரன்' பத்திரிகை தொடராக வெளியிட முனைந்தது. அதிகாரிகள், போலீசாரோடு அவனுக்கு இருந்த தொடர்புகள் அதில் வரும் என்ற பேச்சு. அவன் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை என்று சிறைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் அனுமதி கேட்காமல் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு என்று போவதானால் அவர் சம்மதம் வேண்டும், அவர் யாராக இருந்தாலும். வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் ஆவணத்தில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது. தனிமனித அந்தரங்கம் பற்றி இந்த நாட்டில் வந்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று, ஒரு கொலைகாரனின் கதையைப் படிக்க நாம் ஆசைப்பட்டதால் பிறந்தது. 1995-இல் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

இன்று செல்போனில் கொலைக் கதை வீடியோ போடும் பலரும் இந்த எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. குற்றவாளியின் தங்கைக்கு எங்கே கல்யாணம் ஆனது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்பதுவரை சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை நாளை வகுப்பில் போய் உட்கார வேண்டும். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தனை வழக்கு கேட்டீர்களே, வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கியதா?
– வாசகி, மதுரை

இறங்கியது. கை தட்டச்சு செய்துகொண்டே இருக்கும்போது மனசு அதிகம் ஓடாது. ஒரே ஒரு நாள் மட்டும் இறங்கவில்லை. செத்துப்போன பெண்ணின் அம்மா சாட்சி. சேலையைக் காட்டி, "இது உங்கள் மகளுடையதா?" என்று அரசு வக்கீல் கேட்டார். ஆமாம் என்றார். சான்றுப்பொருள் 3 என்று குறித்தோம். கூண்டிலிருந்து இறங்கும்போது அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று அந்த அம்மா கேட்டார். முடியாது. தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகுதான் பொருள்களைப் பற்றி உத்தரவு. குறுக்கு விசாரணை செய்த எதிர்த் தரப்பு வக்கீலே எழுந்து மெதுவாக அவருக்கு இதை விளக்கினார். தீர்ப்பில் அந்தக் கேள்வி இல்லை. சாட்சியத்திலும் இல்லை. எந்த வீடியோவிலும் வரப்போவதில்லை.

கேட்டால் நல்லதையே கேட்க வேண்டும் என்கிறீர்கள். எங்கே தொடங்குவது?
– வாசகர், சிங்கப்பூர்

தீர்ப்புகளில் தொடங்குங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம், தேர்ந்தெடுத்த சில தமிழிலும் கிடைக்கின்றன. கடைசிப் பத்தியை முதலில் பார்க்காதீர்கள். அரசுத் தரப்பு வழக்கின் சுருக்கத்தைப் படித்ததும் மூடி வைத்துவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சாட்சிகள் வரிசை. அதில் யார் பிறழ் சாட்சியானார் (போலீசில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்), முதல் தகவல் அறிக்கை கோர்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் சொன்ன காயமும் நேரில் பார்த்ததாகச் சொன்னவர் சொன்ன ஆயுதமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கும், அல்லது விழும். படித்து முடித்ததும் தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் முடிவு மாறியிருந்தால் எந்தச் சாட்சியில் மாறியது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தக் கடிதங்களுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.