பூட்டி வைத்த கல்யாண அறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஜூலையில் ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்தில் ஒரு பழைய விவசாயி வீட்டைப் பார்த்தோம். பெரிய மரவீடு. அதில் அழகான அறைகளெல்லாம் விசேஷத்துக்கு மட்டும்தானாம். கல்யாணம் முடிந்ததும் பூட்டிவிடுவார்களாம். அந்தக் குளிரில் வீட்டு ஆட்கள் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு கிடக்க, இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்தது பகட்டு இல்லையா? இன்னொன்று. சுவரில் பைபிள் மனிதர்கள் ஸ்வீடன் விவசாயிகள் மாதிரி உடுத்தியிருக்கிறார்கள், பக்கத்தில் அவர்களைவிடப் பெரிய பூங்கொத்து. ஏன் அப்படி?

எஸ்., உப்சாலா

அன்புள்ள எஸ்.,

பகட்டும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விவசாயிகள் எந்தப் பிரபுவுக்கும் கீழே இல்லாதவர்கள், சொந்த நிலக்காரர்கள். காடும் ஆளிச்செடியும் காசு கொடுத்தன. நாம் கடையில் ஆளிவிதை என்று வாங்குகிறோமே, அதே செடிதான். அதன் நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காசு வீடாக எழுந்தது. லோங்ஹெட் என்ற ஊரில் இருக்கும் யோன்-லார்ஸ் வீடு இரண்டு சகோதரர்களின் குடும்பத்துக்காகக் கட்டியது, அரண்மனை போல நீண்டு கிடக்கும். இத்தகைய ஏழு வீடுகளை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

ஆனால் அந்த அறை சும்மா கிடந்தது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சுவர்களில் பெரும்பாலும் பூசியது பசை கலந்த நீர்ச்சாயம். ஈரத்துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தால் கையோடு வந்துவிடும். தினமும் அடுப்பு எரிந்து, புகை படிந்து, பண்டிகைக்குப் பண்டிகை யாராவது கழுவியிருந்தால் இன்று உங்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. புழங்காததால்தான் பிழைத்தது.

நான் போனபோது அப்படி ஓர் அறையில் சுவரோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். தூரத்தில் பட்டுத்துணி விரித்தது போலத் தெரிந்த பூவேலை, கிட்டத்தில் அச்சுத்தகடு வைத்து ஒற்றியது. மூலைக்கு வரும்போது தகடுக்கு இடம் போதவில்லை. கடைசிப் பூவைப் பாதியில் நிறுத்தி, மிச்ச இதழ்களைத் தூரிகையால் கையாலேயே வரைந்து முடித்திருந்தார் ஓவியர். அந்த இதழ்கள் கொஞ்சம் தடித்திருந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் உங்கள் பூங்கொத்து. பக்கத்து மாகாணமான டாலர்னாவிலிருந்து ஊர் ஊராக வந்து வரைந்தவர்களின் கைவேலை அது. ‘குர்பிட்ஸ்’ என்பார்கள், சுரைக்கொடி என்று பொருள். பைபிளில் நினிவே நகருக்கு வெளியே யோனா என்ற தீர்க்கதரிசி உட்கார்ந்திருந்தபோது அவர் தலைக்கு நிழல் தர ஒரே இரவில் வளர்ந்த செடிதான் இதன் வேர். நம் பழைய தமிழ் பைபிளில் அது ஆமணக்குச் செடி. அங்கே சுரையாகி, பிறகு சுரையையும் மறந்து, எந்தத் தோட்டத்திலும் இல்லாத பூவாகிவிட்டது.

உடையைப் பற்றிக் கேட்டீர்கள். எந்தக் காட்சி என்று எழுதவில்லை. பைபிளில் வரும் பத்துக் கன்னிகைகளின் கதை அந்த ஓவியர்களுக்கு மிகவும் பிடித்தது. மணவாளன் வரும்வரை விளக்கோடு காத்திருக்கும் பெண்கள். கல்யாண அறைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எது? எருசலேமில் என்ன உடுத்தினார்கள் என்று அவர்கள் கண்டதில்லை. கல்யாணத்துக்கு என்ன உடுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரியும், அதையே போட்டுவிட்டார்கள். விருந்தில் உட்கார்ந்த பெண்கள் நிமிர்ந்தால் சுவரில் தங்களையே பார்த்திருப்பார்கள்.

அடுத்த முறை போனால் வெளிச்சுவரையும் தொட்டுப் பாருங்கள். சிவப்புப் பூச்சாக இருந்தால் விரலில் லேசாக ஒட்டும். ஃபாலுன் செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணோடு ரை என்ற தானியத்தின் மாவைக் காய்ச்சிச் செய்வது. சுரங்கத்தை 1992இல் மூடிவிட்டார்கள், சாயம் மட்டும் இன்றும் கடையில் கிடைக்கிறது.

அன்புடன்.