அப்பாவின் மாத்திரையும் பயிருக்கு அடிக்கும் மருந்தும்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பல வருடங்களுக்கு முன்பு காசநோய் வந்து குணமானவர். அந்த நோய் நுரையீரலில் விட்டுப்போன குழிக்குள் இப்போது பூஞ்சை வளர்ந்திருப்பதாகச் சொல்லி இட்ராகொனசோல் கொடுத்தார்கள். நான்கு மாதமாகியும் இருமல் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. மருந்துக்கு அடங்காத பூஞ்சையாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். பயிர்களுக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிதான் இதற்குக் காரணம் என்று படித்தேன். உண்மையா? வீட்டில் மக்கு உரம் வேறு தயாரிக்கிறோம். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்பாவின் விஷயத்தில் அதுதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருந்து உண்மையிலேயே ரத்தத்தில் சேர்கிறதா? இட்ராகொனசோல் உடம்பில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். திரவ மருந்தாகக் கொடுத்திருந்தால் நேர்மாறு, வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல் மாதிரியான மாத்திரைகளை அப்பா தினமும் எடுத்தால் கேப்சூல் சரியாகக் கரையாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவை இட்ராகொனசோலைக் கல்லீரலிலேயே வேகமாகச் சிதைத்துவிடும். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதையும் கேளுங்கள். பூஞ்சையின் மீது பழி போடுவதற்கு முன்பு இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். அளவு குறைவாக இருந்தால் மருந்து கொடுக்கும் முறையை மாற்றினாலே பலருக்கு நோய் கட்டுப்படும்.

அளவு சரியாக இருந்தும் நோய் அடங்கவில்லையா? அப்போது சளியில் பூஞ்சையை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த நோயில் சளியில் பூஞ்சை சில சமயம் வளரவே வளராது. ஒரு முறை வரவில்லை என்று விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

இனி வயலுக்கு வருவோம். அப்பாவின் குழியில் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையாக இருக்கும். அழுகும் இலை, தழை, மரத்தூள், உரக்குவியல் இவைதான் அதன் வீடு. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன, நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். பழைய குழி உள்ள நுரையீரலில் அவை தங்கி முளைக்கின்றன.

இட்ராகொனசோல், வொரிகொனசோல் போன்றவை அசோல் குடும்ப மருந்துகள். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதைத் தயாரிக்கும் ஒரு நொதியை இவை முடக்குகின்றன. பயிர்களுக்கு அடிக்கும் டெபுகொனசோல், புரோபிகொனசோல், டைஃபெனோகொனசோல் ஆகியவையும் இதே குடும்பம். முடக்குவதும் இதே நொதியைத்தான். விவசாயி குறிவைப்பது இலைக்கருகலையும் துரு நோயையும். அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் கழிவில் அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிட, அங்கே வாழும் ஆஸ்பர்ஜில்லஸ் அதோடு பழகித் தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது.

நெதர்லாந்தில்தான் இது முதலில் தெளிவாகப் பிடிபட்டது. அசோல் மருந்தை அதுவரை சாப்பிட்டே இராத நோயாளிகளிடமும் அதற்கு அடங்காத பூஞ்சை இருந்தது. அவர்களிடம் எடுத்த பூஞ்சையிலும் மண்ணில் எடுத்த பூஞ்சையிலும் ஒரே வகை மரபணு மாற்றம் காணப்பட்டது. பூச்செடிக் கிழங்குகளின் கழிவுக் குவியல், பச்சைத் தழைக் கழிவு, மரச்சீவல் ஆகியவை இவ்வகைப் பூஞ்சை பெருகும் இடங்கள் என்றும் அங்கே கண்டறிந்தார்கள். 2022இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு, நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையின் முழு மரபணுத் தொகுதியையும் சுற்றுச்சூழலில் எடுத்ததையும் ஒப்பிட்டது. சில ஜோடிகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. 19 பெயர்கள் கொண்ட அதில் மிக உயர்ந்த பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று.

இதற்காக விவசாயிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பூஞ்சை நோய் அழிக்கும் பயிரும் மனிதர்களின் உணவுதான். எனக்கு வருத்தமும் கோபமும் வருவது வேறு இடத்தில். அசோலுக்கு அடங்காத பூஞ்சைக்காக ஓலோரோஃபிம் என்ற புதிய மருந்தைப் பல வருடங்களாகச் சோதித்து வருகிறார்கள். அது நோயாளிகள் கைக்கு வருவதற்குள்ளேயே, அதே இலக்கைத் தாக்கும் இப்ஃப்ளுஃபெனோகுவின் என்ற பூஞ்சைக்கொல்லி வயலுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் இன்னொன்றுக்கும் அடங்குவதில்லை என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பயிர் மருந்துக்கு அனுமதி கொடுப்பவர்களும் மனித மருந்துக்கு அனுமதி கொடுப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐந்து அமைப்புகள் அசோல் பற்றிச் சேர்ந்து அறிக்கை கொடுத்தது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது.

சரி, உங்கள் உரக்குவியல். நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அப்பா அதன் பக்கம் போகக் கூடாது. கிளறும்போதுதான் வித்துகள் மேகம் மாதிரி கிளம்பும், அப்போது அவர் அருகில் இருக்கவே கூடாது. குவியலை அவர் அறை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். லேசாக ஈரம் தெளித்துவிட்டுக் கிளறுங்கள், நீங்களும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் உரப் பையைப் பிரிக்கும்போதும் இதேதான். அப்பாவிடமிருந்து உங்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இந்த நோய் ஒருவர் இருமி இன்னொருவருக்கு வருவதில்லை.

இட்ராகொனசோலுக்கு அடங்காத பூஞ்சை என்று உறுதியானாலும் வழி அடைபடவில்லை. சில மரபணு மாற்றங்களில் ஒரு அசோல் பயனற்றுப் போனாலும் இன்னொன்று வேலை செய்யக்கூடும், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஊசியாகச் செலுத்தும் ஆம்ஃபோடெரிசின், மைக்காஃபங்கின் இரண்டும் பூஞ்சையை வேறு விதத்தில் தாக்குபவை. ஆம்ஃபோடெரிசின் கொடுத்தால் சிறுநீரகத்தை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். பூஞ்சைக் கட்டி ஒரே இடத்தில் இருந்து, நுரையீரலின் மற்ற பகுதிகள் தாங்கும் நிலையில் இருந்தால் அறுவைச் சிகிச்சையும் யோசிக்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இட்ராகொனசோல் சிலருக்கு இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். இருமலில் சளியோடு கோடு போலக் கொஞ்சம் ரத்தம் வந்தாலும் தெரிவியுங்கள். அதிகமாக வந்தால் இரவு எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ரத்தம் கசியும் குழாயை அடைத்து நிறுத்த முடியும், தாமதிக்கக் கூடாது.