சோபா வாங்கும் முன் தரையில் நியூஸ்பேப்பரை விரியுங்கள்: ஹால் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மேடவாக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஹால் 10-க்கு 14 அடி. இன்னும் பிளாஸ்டிக் சேரில்தான் உட்காருகிறோம். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஒரு இன்டீரியர்காரர் ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், எல் ஷேப் சோபா எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார். வீட்டில் முழங்கால் வலியோடு மாமனார், இரண்டு வாண்டுகள். கணவருக்கு 65 இன்ச் டிவிதான் வேண்டுமாம். பார்க்க அழகாகவும் இருக்கணும், உட்கார வசதியாகவும் இருக்கணும். எதில் ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அந்த மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை மறந்துவிடுங்கள். ஒன்றரை லட்சத்தில் தாராளமாக ஒரு நல்ல ஹால் அமைக்கலாம், ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் கூடாது. உடம்பு படுகிற பொருளுக்கு முதலில் செலவு செய்யுங்கள், கண் மட்டும் படுகிற பொருள் பிறகு வரட்டும். சோபா, ஃபேன், லைட் இந்த மூன்றும் முதல் வரிசை. ஃபால்ஸ் சீலிங், ஷோகேஸ், சுவரில் பதிக்கிற மரப்பட்டி எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பாதி ஆசை தானாகவே போயிருக்கும்.

கடையில் பிடித்த சோபாவின் நீளம், ஆழம் இரண்டையும் டேப் வைத்து அளந்து வாருங்கள். அதே அளவுக்கு ஹாலில் தரையில் நியூஸ்பேப்பரை ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள், பால்கனிக் கதவு எதுவரை திறக்கிறது, மாமனார் ராத்திரி பாத்ரூமுக்கு எந்த வழியாக நடக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பேப்பர் கசங்கிக் கிழிகிற இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நடக்கிற வழிக்கு 3 அடி, சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே ஒன்றரை அடி விட வேண்டும். இதை விட்டபிறகு மிச்சம் எவ்வளவோ அதுதான் உங்கள் சோபாவின் அளவு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஷோரூமில் எல் ஷேப் சோபா ஒன்று வாங்கினேன், அந்த அகலமான கூடத்தில் அது கைக்கு அடக்கமாகத்தான் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு வந்தபிறகு லிஃப்டில் நுழையவில்லை. படி வழியாகத் தூக்கினார்கள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது, சுவரில் இருந்த பெயின்ட் ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து வந்தது, அசோசியேஷன் செயலாளர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். எப்படியோ உள்ளே கொண்டுவந்து போட்டால் பால்கனிக் கதவு பாதிதான் திறக்கிறது. அதனால் சோபாவை அளக்கும்போதே லிஃப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம், வாசல் நிலை மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எல் ஷேப் வேண்டாம் என்பேன். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, கைப்பிடி வைத்த மர நாற்காலி இரண்டு போதும். எல் ஷேப்பின் மூலையில் யாரும் உட்காருவதில்லை, அங்கே மடிக்காத துணிதான் உட்காரும். மாமனாருக்கு இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், கையை ஊன்றி எழுந்திருக்க உறுதியான கைப்பிடி வேண்டும். இப்போது வருகிற தாழ்வான, ஆழமான சோபாக்கள் படத்தில் நன்றாக இருக்கும். முழங்கால் வலிக்காரர் அதில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கடைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். அவர் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிற சோபாதான் உங்கள் சோபா.

டிவி விஷயத்தில் கணவரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். திரையின் குறுக்களவை ஒன்றரையால் பெருக்கினால் தள்ளி உட்கார வேண்டிய தூரம் ஏறக்குறைய வந்துவிடும். 65 இன்சுக்கு 8 அடி, 55 இன்சுக்கு 7 அடி. உங்கள் 10 அடி அகலத்தில் சோபா முதுகும் டிவி ஸ்டாண்டும் எடுத்துக்கொண்டது போக, கண்ணிலிருந்து திரை ஏழு, ஏழரை அடிதான் வரும். 55 போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஃபேன் வந்துவிடும். டிவியை ரொம்ப மேலே மாட்டச் சொல்லாதீர்கள், உட்கார்ந்தால் கண் நேராகத் திரையின் நடுவில் விழ வேண்டும், அதாவது தரையிலிருந்து மூன்றரை அடி.

கேள்வி: ஒரே மாதிரி இருக்கும் சோபா ஒரு கடையில் 28 ஆயிரம், இன்னொரு கடையில் 52 ஆயிரம். இரண்டு பேருமே '40 டென்சிட்டி ஃபோம்' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: வாயை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. பெட்டி எடை பார்க்கும் சின்னக் கைத்தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து ஃபோமை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 24 அங்குல சதுரம், 5 அங்குல தடிமன் உள்ள துண்டு, 40 டென்சிட்டியாக இருந்தால் கிட்டத்தட்ட 1.9 கிலோ இருக்கும். 32 என்றால் ஒன்றரை கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே காட்டினால் அது 22 டென்சிட்டிக்கு மேல் இருக்க வழியில்லை, ஒரே வருடத்தில் குழி விழும். மேலே பஞ்சு சுற்றியிருந்தால் அதையும் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். ஜிப்பே இல்லை, திறக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று, விரலால் அமுக்கிப் பார்த்து "கெட்டியாக இருக்கிறது, நல்ல ஃபோம்" என்று முடிவு செய்வார்கள். கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. மட்டமான ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம்.

உள்ளே இருக்கும் சட்டத்தைப் பார்க்க, சோபாவின் முன்பக்க மூலையில் ஒன்றை அரை அடி தூக்குங்கள். மறுமூலையில் இருக்கும் முன்காலும் சேர்ந்து எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று, சோபா முறுக்கிக்கொண்டு 'கிரீச்' என்றால், பேக்கிங் பெட்டி மரத்தை ஆணியடித்து மேலே துணி போர்த்தியிருக்கலாம். சோபாவைக் கவிழ்த்து அடித்துணியின் ஓரத்தை விலக்கிக் காட்டச் சொன்னால், நேர்மையான கடைக்காரர் காட்டிவிடுவார். 24 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பெரும்பாலும் அந்த அடித்துணிக்குப் பின்னால்தான் இருக்கும்.

கேள்வி: துணியா, ரெக்சினா? பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துடைக்க எளிதாக இருக்கும் என்று ரெக்சின் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: துடைக்க எளிதுதான், முதல் இரண்டு மூன்று வருடம். அப்புறம் நம் ஊர்ப் புழுக்கமும் தலை எண்ணெயும் சேர்ந்து தலை சாய்க்கும் இடத்தில் தோல் உரிய ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் அரை டிரவுசரோடு உட்கார்ந்த பையன் எழுந்திருக்கும்போது தொடையெல்லாம் பழுப்பு செதில் ஒட்டியிருக்கும். அதைச் சரிசெய்ய வழி கிடையாது, மேலுறை மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். துணி வாங்குங்கள், ஆனால் கழற்றித் துவைக்கக்கூடிய உறையாகப் பாருங்கள், நிறம் நடுத்தரமாக இருக்கட்டும். வெளிர் நிறத் துணியில் எண்ணெய்த் தலை சாய்ந்த இடம் வட்டமாகத் தெரியும். அந்த இடத்தில் போட ஒரு நல்ல கைத்தறித் துண்டு போதும், பாட்டி காலத்து ஈஸி சேரில் போட்ட மாதிரி. கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும்.

கேள்வி: டிவி யூனிட்டை ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்வதா, ஆன்லைனில் ரெடிமேடாக வாங்குவதா?

பதில்: ஆன்லைனில் குறைந்த விலைக்கு வருகிறவை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. தினமும் மாப் போடுகிற வீட்டில் அதன் அடி விளிம்பு தண்ணீர் குடித்துப் பிஸ்கட் மாதிரி உப்பும். வாடகை வீட்டில் இரண்டு வருடத்துக்கு என்றால் பரவாயில்லை. சொந்த வீடு என்றால் பிளைவுட்டே நல்லது.

பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு எண் இருக்கும், அதைப் படியுங்கள். ஐஎஸ் 303-இல் இரண்டு தரம் உண்டு: எம்ஆர், பிடபிள்யூஆர். எம்ஆர் என்பது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. கடையில் இதையும் "வாட்டர்ப்ரூஃப்" என்பார்கள், ஏமாறாதீர்கள். பிடபிள்யூஆர் என்பது கொதிநீரையும் தாங்கும் தரம், ஹாலுக்கு அது போதும். ஐஎஸ் 710 என்ற மரைன் பிளைவுட் சமையலறை சிங்க் அடிக்குத்தான் அவசியம். ஆனால் டிவி சுவருக்குப் பின்புறம் பாத்ரூம் இருந்து ஓதம் அடிக்கிறது என்றால், பலகையை மாற்றுவதைவிட முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள். யூனிட்டைத் தரையில் உட்கார வைக்காமல் சுவரில் மாட்டச் சொன்னால் மாப் உள்ளே போகும், கரையானும் கண்ணில் படும். பிளக் பாயின்ட் எத்தனை, எங்கே என்பதை ஆசாரி வரும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் முடித்துவிடுங்கள். பலகை அடித்தபிறகு ஓட்டை போட்டால் அது அசிங்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஹாலுக்கு எடுப்பு வராதா? லைட், ஃபேன் எப்படி வாங்குவது?

பதில்: வரும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் உயரத்தில் அரை அடியாவது போய்விடும், பத்தடிக்குக் குறைந்த கூரையில் அது தலையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்படியே போட்டாலும் ஃபேன் கொக்கி கான்கிரீட் கூரையிலிருந்துதான் வர வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது.

எடுப்பைக் கொடுப்பது விளக்கின் நிறம். எல்இடி டப்பாவில் ஒரு எண் இருக்கும்: 6500 கெல்வின் என்றால் மருந்துக்கடை வெளிச்சம், 3000 என்றால் இளமஞ்சள், 4000 இரண்டுக்கும் நடுவே. பிள்ளைகள் படிக்க 4000-இல் ஒரு டியூப், சாயங்காலம் உட்கார்ந்து பேச மூலையில் 3000-இல் ஒரு விளக்கு, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம்தான் ஆகும், ஹாலே வேறு வீடு மாதிரி தெரியும்.

ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். பழைய ரக ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் ஓடும். ஹால் ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். பிஎல்டிசி மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் சோபாவை ஃபேன் காற்று வரும் இடத்தில் போடுங்கள். டிவிக்காக சோபாவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பிறகு அதற்கென்று பெடஸ்டல் ஃபேன் வாங்கும் வீடுகள் நிறைய.

கேள்வி: சோபா வாங்கி ஐந்து மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். பில்லில் "சோபா 1" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: குறையுள்ள பொருளை விற்றுவிட்டு அந்த ஒரு வரிக்குப் பின்னால் கடை ஒளிந்துகொள்ள முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, அதனால் அந்த 30 நாள் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் பொருளில் குறை என்ற வழக்குக்கு இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.

உங்கள் பலவீனம் அந்த "சோபா 1". 40 டென்சிட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தியோ விளம்பரத் தாளோ இருக்கிறதா என்று தேடுங்கள். மெத்தையை வெளியே எடுத்து, நிறுத்து, டேப்பும் தராசும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் சண்டை போட்டதற்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பில்லில் ஃபோம் டென்சிட்டி, மரத்தின் பெயர், துணியின் எண், டெலிவரி தேதி நான்கையும் எழுத வையுங்கள். "அதெல்லாம் எழுதுற வழக்கமில்லீங்க" என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.

கேள்வி: கார்ப்பெட் போடலாமா?

பதில்: வேண்டாம், தூசும் ஓதமும் சேர்ந்து மழைக்காலத்தில் வாடை அடிக்கும். பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கிப் போடுங்கள், அந்தக் கோடுபோட்ட பருத்தி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்றது, வெள்ளை சுவருக்கு அதைவிட எடுப்பான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் தடவை தனியாக நனையுங்கள், சாயம் போகும்.