மாத்திரையும் கொழுப்பும்: ஒரு மகப்பேறு மருத்துவரிடம் சில கேள்விகள்

வேளச்சேரி, 29 வயது: டாக்டர், பிசிஓடிக்காக (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) ஆறு மாதமாகக் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 128 இருந்தது, இப்போது 176. நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் கூட்டும், அதனால் டிரைகிளிசரைடு ஏறும். அதே ஈஸ்ட்ரோஜன் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் குறைத்து, நல்ல கொழுப்பான எச்டிஎல்லை ஏற்றவும் பார்க்கும். ஆனால் மாத்திரையில் கூட இருக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டின், லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை என்றால் எச்டிஎல்லைக் கீழே இழுக்கும். டெசோஜெஸ்ட்ரல் வகை அப்படி இழுக்காது. 176-க்குப் பயம் வேண்டாம். 500-ஐத் தாண்டினால்தான் கணைய அழற்சியை நினைத்துக் கவலைப்படுவோம். அது சரி, வெறும் வயிற்றில்தானே ரத்தம் கொடுத்தீர்கள்? முதல் நாள் ராத்திரி கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர்: அப்படியானால் என் மனைவிக்கு டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையே கேட்டு வாங்கலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் சார். ரிப்போர்ட்டில் எச்டிஎல் அழகாக இருக்கும், ஆனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் எடுப்பவர்களில் 5 முதல் 7, டெசோஜெஸ்ட்ரலில் 9 முதல் 12. பிரசவத்தை ஒட்டிய காலத்தில் இதைவிடவும் அதிகம், அதையும் மறக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திருவல்லிக்கேணி: மாத்திரை இதயத்தைக் கெடுத்துவிடும் என்று மாமியார் தினமும் சொல்கிறார்.

அத்தை முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். ஈஸ்ட்ரோஜன் வகை வேறு என்றாலும், இன்று அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாலா-என்னில் 30-தான். பிபி சரியாக இருந்து, புகைப் பழக்கமும் இல்லாத இளம் பெண்ணுக்கு மாரடைப்பு ஆபத்து மிகக் குறைவு.

தாம்பரம், 38 வயது: பிபி 150/96. தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் வெட்டும். மருந்துக்கடையில் கேட்டால் மாத்திரை தருகிறார்கள்.

தருவார்கள், பிபி பார்த்துவிட்டா தருகிறார்கள்? கொழுப்பு டெஸ்டைவிட அந்தப் பிபி கருவிதான் முக்கியம். இவ்வளவு பிபியும், மின்னலோடு வரும் இந்தத் தலைவலியும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து, அதனால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உங்களுக்குக் கூடவே கூடாது. கருப்பையில் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், அதில் ஹார்மோன் கிடையாது. முதலில் பிபிக்குச் சிகிச்சையைத் தொடங்குங்கள், இந்த வாரமே.