டயாபடிக் மாவு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சைவம். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் கலந்த மாத்திரை எடுக்கிறார். சோற்றை நிறுத்திவிட்டுக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. அப்படியும் சாப்பிட்ட பின் ரத்தச் சர்க்கரை 240 காட்டுகிறது. கடையில் 'டயாபடிக் மாவு' சிபாரிசு செய்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். பெரும்பாலும் கோதுமை நிற்கும். வெந்தயம் கடைசியில் பேருக்கு எட்டிப் பார்க்கும். 'இனிப்புக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை' என்று விற்பவர்களும் இதே ரகம்தான். அதுவும் சர்க்கரையே.

கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசியில் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், உண்மை. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று செரித்துச் சர்க்கரை ஏறிவிடும். 'சோற்றைக் குறைங்க, சப்பாத்தி சாப்பிடுங்க' என்று டாக்டர்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை, எதோடு என்று யார் சொல்வது? 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாடு இது. உணவு ஆலோசகர் பல ஆஸ்பத்திரிகளில் பெயர்ப்பலகையோடு சரி.

கஞ்சிக்குப் பதில் பாசிப்பயறு தோசை போடுங்கள். முழுப் பயறை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்து அரைத்தால் போதும், புளிக்க வேண்டாம். மொறுமொறுப்புக்கு ஒரு பிடி அரிசி போடச் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். இரவில் சப்பாத்தி இரண்டு. குருமாவில் உருளைக்கிழங்கை எடுத்துவிட்டுக் கொண்டைக்கடலை போடுங்கள், இல்லையென்றால் கெட்டியாகக் கீரைக் கூட்டு. சாம்பாரில் பருப்பு கரண்டிக்குத் தட்டுப்பட வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் நாளைக் காலையே ஆரம்பிக்காதீர்கள். கிளிமிபிரைடு, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று பார்க்காது. அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்து, மாத்திரையை மட்டும் பழைய அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். முதலில் டாக்டரிடம் உணவை மாற்றப் போவதைச் சொல்லி, மாத்திரை அளவைக் கேளுங்கள். மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருப்பதும் வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்பார்மினும் சைவமும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு உண்டு. டாக்டரைப் பார்க்கும்போது அதற்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.