வாசகர் கேள்வி: முதுகு திரும்பினால் முற்றல் இலை

கேள்வி: தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று மாதத்துக்கு முன்னர் என்னைக் கங்காணியாகப் போட்டார்கள். என் கீழ் 22 பெண்கள். பாதிப்பேர் அம்மா வயது. சத்தம் போட்டால் ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிறார்கள். அடுத்த மலைக்குப் போனால் முற்றல் இலையும் சேர்ந்து வருகிறது. இறுக்கிப் பிடிப்பதா, விட்டுப் பிடிப்பதா?

பதில்: இதே கதையை லெவின், லிப்பிட், வைட் என்ற உளவியலாளர் மூவர் 1939இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். அமெரிக்காவில் 10 வயதுச் சிறுவர் குழுக்களை வைத்துப் பார்த்தார்கள். அதட்டி வேலை வாங்கிய தலைவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழு, தலைவர் இல்லாதபோதும் ஏறத்தாழ அப்படியே வேலை செய்தது. போனபோக்கில் விட்ட குழு எதிலும் தேறவில்லை. ஆகவே விட்டுப் பிடிப்பதும் மருந்தல்ல.

அந்தக் காலத்தில் ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணியின் அதட்டல் பலித்ததென்றால், குரலுக்குப் பின்னால் கடன் இருந்தது. கடனை எழுதிய ‘துண்டு’ ஆளைக் கட்டிப்போட்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அதட்டல் மட்டும் மிச்சம்!

ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி நடத்து என்பது தலைமைத்துவ ஆய்வாளர்களான ஹெர்சியும் பிளாஞ்சார்டும் 1969இல் சொன்ன முறை. புதிதாக வந்த பிள்ளைக்கு நிரையில் நின்று இரண்டு இலை, ஒரு மொட்டு எடுத்துக் காட்டுங்கள்; முதல் வாரம் அடிக்கடி கூடையைப் பாருங்கள். 20 வருடம் கொழுந்தெடுத்த அக்காவுக்கு அதையே சொன்னால் அவமானம். எந்த நிரையை முதலில் தொடலாம் என்று அவரிடம் கேளுங்கள். தெரிந்தும் செய்யாதவரிடம் காரணம் இருக்கும்: செங்குத்தான நிரை எப்போதும் அவருக்கே விழுகிறதா? தராசில் எடையைக் கழிப்பது ஏனென்று யாராவது சொன்னார்களா? கிலோவை மட்டும் கேட்டால் முற்றல் வரத்தான் செய்யும். அது மேலிடத்தோடு பேச வேண்டிய விஷயம்.

காலைப் பெரட்டில் (வேலை பிரிக்கும் கூட்டத்தில்) ஐந்து நிமிடம் எடுத்து, கஷ்டமான நிரைகளைச் சுழற்சியாகப் பிரிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். நிறுக்கும்போது ஆளுக்கொரு பிடி எடுத்து, நல்லது வேறு முற்றல் வேறாகப் பிரித்து அவரவருக்கே காட்டுங்கள். ஏச்சை, ஏச வேண்டியிருந்தால், தனியே.

குளவி கலைந்தால் மட்டும் இந்தக் கலந்தாலோசனை எதுவும் வேண்டாம். “கூடையைப் போட்டுட்டு ஓடுங்க!” கட்டளைதான். மூச்சுத் திணறுபவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஹட்டனில் கடை வைத்திருக்கிறேன். வேலையாட்கள் நால்வரும் சின்ன விஷயத்துக்கும் என்னையே கேட்கிறார்கள்.

பதில்: அவர்கள் எடுத்த முடிவை நீங்கள் மாற்றியிருப்பீர்கள். 1,000 ரூபாய் வரை பொருள் மாற்றிக் கொடுப்பதை அவர்களே தீர்க்கட்டும். ஒரு மாதம் வாடிக்கையாளர் முன்னால் திருத்தாதீர்கள். தவறை இரவு கணக்குப் பார்க்கும்போது பேசுங்கள்.